இருபதாம் தேதியும் இருபத்திரண்டாம் தேதியும்

"உன் வீட்டுக்காரர் எந்த நாள் செத்தாரு?" என்று கேட்டார் ஜெர்வாஸ். யார்க் நகரத்தின் அந்தச் சிறிய மாதா கோயிலுக்கு அவர்தான் நிர்வாகி.

"ஆகஸ்ட் இருபத்திரண்டு. திங்கக்கிழமை. ராஜா செத்த அன்னிக்கே" என்றாள் சிபில்.

"எந்த ராஜா?"

"அன்னிக்கு எத்தனை பேர் இருந்தாங்க? ஒருத்தர்தானே."

"அதுதான் இல்லைங்கிறேன். லண்டன்ல சபை கூடி முடிவாயிருக்கு. புது ராஜா இருபத்தொண்ணாம் தேதியிலேருந்தே ராஜா."

"சண்டை நடந்ததே இருபத்திரண்டுல. ஜெயிக்கறதுக்கு முந்தின நாளே எப்படி ராஜா ஆனாரு? கல்யாணத்துக்கு முந்தின நாளே புருஷன்னு ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா எங்கம்மா வெளக்குமாத்தை எடுத்திருப்பா."

"மெதுவாப் பேசு, தாயே. இருபத்தொண்ணுலேருந்து அவருக்கு எதிரா வில்லைத் தூக்கினவன் எல்லாம் ராஜதுரோகி. துரோகி பேரைப் பூசையில வாசிச்சா சாமியார் கழுத்தும் தப்பாது, என் கழுத்தும் தப்பாது."

மில்லிசென்ட் இறகுப் பேனாவை மையில் தோய்த்தபடி காத்திருந்தாள். அவள் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையின் மகள். கன்னியர் மடத்தில் இலத்தீன் படித்தவள். அப்பாவின் கை நடுங்கத் தொடங்கியபின் இறந்தோர் ஏட்டை அவள்தான் எழுதிவந்தாள். அதில் பெயர் ஏறினால், ஆண்டுதோறும் இறந்த நாளன்று பூசையில் அது வாசிக்கப்படும். ஊரே அந்த ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்ளும். ஏறாவிட்டால், பாவம் தீரும்வரை ஆத்துமங்கள் வேகும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் நாதியற்றுக் கிடக்க வேண்டியதுதான். சிபிலின் கணவன் ஹாமண்ட், போஸ்வொர்த் போர்க்களத்தில் பழைய ராஜாவின் பக்கம் நின்ற வில்லாளி. துரோகிகள் என்று லண்டன் சபை வெளியிட்ட பட்டியலில் இருந்தவையெல்லாம் பிரபுக்களின் பெயர்கள். ஜெர்வாஸின் பயம் பட்டியலைப் பார்த்து வந்த பயமல்ல.

சற்று யோசித்துவிட்டு அவரே ஒரு வழி சொன்னார். "இருபதாம் தேதின்னு போடுவோம். போற வழியிலேயே காய்ச்சல்ல போயிட்டாருன்னு வை. அன்னிக்கு நாட்டுக்கு ஒரே ராஜாதான். அவர் படையில இருந்தவனை யாரும் குத்தம் சொல்ல முடியாது."

சிபில் மடியில் ஒரு கோட்டு கிடந்தது. அதன் மார்பில் தைத்திருந்த வெள்ளைப் பன்றியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். பழைய ராஜாவின் சின்னம் அது. ஊரில் பாதிப் பேருக்கு அதைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். இப்போது அவர்களே அதை எடுத்துத் தரச்சொல்லி ஓசையில்லாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பன்றியின் தந்தம் மட்டும் சுலபத்தில் வராது. அந்த இடத்தில் இரட்டைத் தையல். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எழுதும்மா" என்றாள்.

மில்லிசென்ட் எழுதினாள். அந்த ஏட்டில் அவள் தெரிந்தே எழுதிய முதல் பொய் அது. இலத்தீனிலும் அது பொய்யாகத்தான் இருந்தது.

தை மாதம் புது ராஜா பழைய ராஜாவின் குடும்பத்துப் பெண்ணைக் கட்டினார். வசந்தத்தில் யார்க்குக்கே வந்தார். வரவேற்புத் துணிகளில் இரு குடும்பங்களின் சின்னங்களான சிவப்பு ரோஜாவையும் வெள்ளை ரோஜாவையும் சேர்த்துத் தைக்கும் வேலை சிபிலுக்கே வந்தது. அவளைப் போல் நுணுக்கமாகத் தைக்க வேறு ஆள் இல்லை.

"பன்னியைப் பிரிச்ச கையாலேயே ரோஜாவா?" என்று கேட்டாள் ரொட்டிக் கடைக்காரி.

"உன் புருஷன் கோட்டுப் பன்னியைத்தான் முதல்ல பிரிச்சேன். அதுல கொழுப்பு ஜாஸ்தி" என்று ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள் சிபில்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் இருபதாம் தேதி ஹாமண்டின் பெயர் வாசிக்கப்பட்டது. சிபில் மெழுகுவர்த்தியோடு முன்வரிசையில் நின்றாள். இருபத்திரண்டாம் தேதியும் வந்தாள். கையில் ஒன்றுமில்லாமல், கடைசித் தூணோரமாக நின்றாள். அந்தத் தேதிக்கு ஏட்டில் யாருமில்லை. சாமியார் ஒரு கணம் நிறுத்திவிட்டு அடுத்த செபத்துக்குப் போய்விடுவார். அந்த ஒரு கணத்தில் சிபில் தலை குனிவதை மில்லிசென்ட் பார்த்திருக்கிறாள்.

ஒருமுறை மில்லிசென்ட் சாமியாரிடமே கேட்டாள்: "தேதி தப்பா இருந்தா செபம் போய்ச் சேருமா, சாமி?"

"ஆண்டவர் தேதி பார்க்கமாட்டார், மகளே."

"அப்ப ஏட்டுல எதுக்கு சாமி தேதி?"

அவர் பீடத்து மெழுகுவர்த்திகளை அணைக்கப் போய்விட்டார்.

ஆறாம் ஆண்டுத் தவக்காலத்தில் சிபிலுக்கு நெஞ்சில் சளி கட்டியது. மில்லிசென்ட் வாற்கோதுமைக் கஞ்சி கொண்டுபோனாள். கட்டிலில் சாய்ந்தபடி, சிபில் ஒரு ரோஜாவின் கடைசி இதழைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எழுதச் சொன்னது நான்தான். அந்தப் பாவம் உனக்கில்லை. அதைத் திருத்தச் சொல்லலை. திருத்தினா ஜெர்வாஸுக்கு உசிரே போயிடும்."

"வேற என்னக்கா செய்யணும்?"

"நான் பொழைக்கமாட்டேன். ஈஸ்டருக்கு முன்னாடியோ பின்னாடியோ, என்னிக்குப் போறேனோ தெரியாது. என்னிக்குப் போனாலும் என் பேரை ஆகஸ்ட் இருபத்திரண்டுல எழுது."

"நிர்வாகி கேட்டா?"

"ஊசி பிடிச்ச கிழவி எந்த நாள் செத்தாள்னு எந்த ராஜா விசாரிக்கப் போறாரு?" சிபில் இருமி முடித்து, மூச்சு வாங்கக் காத்திருந்தாள். "சாமி என் பேரை வாசிக்கும்போது ஊரே வேண்டிக்கும். நீ மட்டும் அதுகூடவே மனசுக்குள்ள இன்னொரு பேரைச் சொல்லு."