வெயில் விழும் சீட்டு

இன்று காலை ஏரல் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா, நல்ல மனதோடுதான், என் தோளைத் தொட்டார்.

"இங்கன தள்ளி உக்காரும்மா. அங்கன வெயிலு அடிக்கில்லா, கறுத்துருவ."

"நான் ஏற்கெனவே கறுப்புதான, பெரிம்மா?"

"அதான் சொல்லுதேன்."

இதைச் சொல்லிச் சிரிக்கப் பக்கத்தில் கிரேஸ் அக்கா இல்லை. உகாண்டாவிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியல் ஆராய்ச்சிக்கு வந்தவள். போன மாதம் டாக்டர் பட்டத்தோடு ஊருக்குப் போய்விட்டாள்.

ஆய்வுக்காக ஆற்றங்கரைக்குப் போகும்போது பஸ்ஸில் எல்லாரும் அவளையே பார்ப்பார்கள். அவள் துப்பட்டாவைத் தலைக்குப் போட்டுக்கொண்டு பேசாமல் வருவாள். ஆற்றங்கரையில் மருத மரங்களைக் கண்டதும் துப்பட்டா பறக்கும். உச்சி வெயிலில், பாறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, அக்கரைக்குக் கேட்கிற மாதிரி சிரிப்பாள். ஜூனியரான நான் முகத்தை மூடிக்கொண்டு நிழலில் நின்று ஆய்வேட்டை நீட்டுவேன்.

"ஏட்டி, மொதல்ல வெயிலுக்கு வா. பொறவு ஆய்வேட்டக் காட்டு."

எங்கள் ஊர்ப் பேச்சு அவளிடம் அப்படியே ஒட்டியிருந்தது. என் ஆய்வேடு முழுவதையும் அந்தப் பாறையில் வைத்துத்தான் திருத்தினாள். முகத்தை மூடாமல் வெளியே வர நானும் அங்கேதான் பழகினேன்.

பெரியம்மா சொன்னதை அவளுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"இங்கன ஒரே மழை. என் பங்கு வெயிலையும் நீயே வாங்கிக்கோட்டி."

சாயங்காலம் ஏரலிலிருந்து திரும்பும்போது வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இரண்டு பேர் பங்கு வாங்க வேண்டியிருக்கிறது.