வெயிலில் போட்ட மெத்தை

என் மனைவி படுத்துத் தூங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சுவரில் மூன்று தலையணைகளைச் சாய்த்து, அதில் முதுகைக் கொடுத்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். படுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் மூச்சு முட்டும். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். அதில் முதல் பதினொரு வருடம் பஞ்சைச் சீவிச் சுத்தம் செய்யும் கார்டிங் பகுதியில். அங்கே ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் புருவமும் இமையும் வெளுத்திருக்கும். மில் வாசலில் நின்று பார்த்தால் எல்லோருக்கும் ஒரே வயது போலத் தோன்றும்.

நான் அந்த வருடங்களில் ஒரு நாளிதழுக்கு இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். மில் போனஸ் பேச்சுவார்த்தை, விசைத்தறி வேலைநிறுத்தம், ஆடி மாதத் தேரோட்டம், தேவதானம் பக்கம் தோப்புக்குள் யானை வந்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். பஞ்சுத் தூசியைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. யாரும் எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. வீட்டில் தினமும் கேட்கிற இருமல் செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மதுரையில் நெஞ்சு மருத்துவர் எக்ஸ்ரே படத்தை விளக்கில் செருகிப் பார்த்துவிட்டுச் சுருக்கமாகச் சொன்னார். கெட்டுப்போன நுரையீரல் திரும்ப வராது. மிச்சமிருப்பதைத் தூசியில்லாத இடத்தில் வைத்துப் பார்க்கலாம். எங்கள் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடங்கள் ஐந்து இருக்கின்றன. காலையில் ஜன்னல் கம்பியைத் துடைத்தால் மதியத்துக்குள் மறுபடி வெள்ளை படிந்துவிடும்.

திருச்செந்தூர்ப் பக்கம் கடலோரத்தில் இருக்கும் அவளுடைய அக்கா, பக்கத்திலேயே வாடகைக்கு ஒரு வீடு காலியாக இருப்பதாகச் சொன்னாள். வீட்டுக்காரர் ஒரு வாரம் பொறுப்பார். சாமான்களைக் கட்டிக்கொண்டு போவதற்கு முன்னால், கடற்காற்றில் அவளால் படுக்க முடிகிறதா என்று பார்த்துவிடலாம் என்றாள் பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள். படுக்க முடிந்தால் வீடு மாறுவது, முடியாவிட்டால் இருக்கிற இடத்திலேயே இருப்பது. அக்கா வீட்டில் எப்போதும் ஆள் கூட்டம். அதனால் பாம்பன் தீவில் கடலை ஒட்டி ஒதுக்குப்புறமாக இருந்த ஒரு விடுமுறை வீட்டை மகளே போனில் பதிவு செய்தாள். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத வீடு என்று போட்டிருந்தது. ஏசி இல்லை, பிளாஸ்டிக் இல்லை, மின்சாரம் சூரியத் தகட்டிலிருந்து. தார்ச்சாலை மூன்று கிலோமீட்டர் தள்ளி. நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை வாசித்தேன். தூசி வருவதற்கு வழி எதுவும் தெரியவில்லை.

கிளம்பும் அன்று எதிர்வீட்டு அம்மாள் தறிக்கூடத்திலிருந்து தலையில் நூல் பிசிறோடு வந்து வாசலில் நின்றாள். மில்லில் என் மனைவியோடு வேலை பார்த்தவள்.

"ஏட்டி, ஹனிமூனா? இந்த வயசுல?"

"ஆமா. நீயும் வாரியா, நடுவுல படுத்துக்கிட?"

"எனக்கு எதுக்கு. நீ மொதல்ல படு. பொறவு சொல்லு, நானும் வாரேன்."

இருவரும் சிரித்தார்கள். இருவரும் இருமினார்கள். ஆட்டோக்காரர் பொறுமையாக இருந்தார்.

மதுரையில் ரயில் மாறி, புதுப் பாலத்தில் கடலைக் கடந்து, மறுநாள் முற்பகலில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். பனைகளும் உடைமரங்களும், அதற்கப்பால் மணல். கடற்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவர், பனையோலைக் கூரை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நடத்தினார். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். வாசலில் ஒரு பிரம்புக்கூடை. கொண்டுவந்த பிளாஸ்டிக்கை எல்லாம் அதில் போட்டுவிட்டுத் துணிப்பையில் சாமானை மாற்றிக்கொள்ள வேண்டும். என் மனைவி பிஸ்கட் கவர், சீப்பு வைத்திருந்த கவர் என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். கடைசியில் மூச்சுக்கு அடிக்கும் இன்ஹேலரை உயர்த்திக் காட்டினாள்.

"இதையும் எடுத்துக்கிடுவியளா?"

அந்தப் பெண் பதறிப்போய், "ஐயோ, அது வேண்டாமுங்கம்மா" என்றார்.

"பொழச்சேன்" என்றாள் இவள்.

அறைக்குள் மரக்கட்டில், அதன்மேல் கனமான மெத்தை, வெளுக்காத காடாத்துணி உறை. ஃபோம் இல்லை, பஞ்சு. யாருடைய மெத்தையில் படுப்பதானாலும் முதலில் வெயிலில் போட்டு, தட்டிவிட்டுப் படுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக்காரர் வீடானாலும் அப்படித்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல வெயில். அவள் சொன்னாள்:

"ஏங்க, இதத் தூக்கி வெளிய போடுங்க. யாரு யாரு படுத்ததோ."

நான் மெத்தையைத் தோளில் சுமந்துபோய் வாசலுக்கு நேரே, கவிழ்த்துப் போட்டிருந்த பழைய மீன்பிடி வள்ளத்தின் மேல் விரித்தேன். கீழே கிடந்த ஒரு சவுக்குக் கம்பை எடுத்து அடித்தேன். ஒவ்வொரு அடிக்கும் வெள்ளையாகப் புகைந்தது. காற்று கடலிலிருந்து வீட்டைப் பார்த்து வீசியது. நான் கடல் பக்கம் நின்றதால் என்மேல் ஒரு துகள்கூடப் படவில்லை. அவள் வாசலில் நின்று துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது அடியாவது அடித்திருப்பேன். நன்றாகச் சத்தம் வரும்படி அடித்தேன். இடையில் அவள் இருமியது கேட்டது. பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு அவள் மணலில் இறங்கி வந்தாள். நான் அடித்ததில் மெத்தையின் ஒரு மூலையில் தையல் விட்டிருந்தது. அவள் அதில் விரலை விட்டு ஒரு சிட்டிகைப் பஞ்சை இழுத்தாள். இரண்டு கட்டைவிரல்களுக்கும் ஆள்காட்டி விரல்களுக்கும் நடுவே பிடித்துப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மறுபடி பிரித்தாள். இழையின் நீளம் பார்க்க மில்காரர்கள் எல்லோரும் செய்வது அது. இழை இல்லை. பிய்ந்து பொடியாக வந்தது. நடுவே பருத்திக்கொட்டைத் தோல் கறுப்பாக இரண்டு துணுக்கு, கொஞ்சம் ரோஸ் நிறம். ஒரு ரக நூல் இன்னொன்றோடு கலந்துவிடாமல் இருக்க மில்லில் பஞ்சின்மேல் இலேசாகச் சாயம் தெளிப்பார்கள். அந்த ரோஸ்.

"கூட்டி அள்ளுற பஞ்சு" என்றாள்.

மிஷினுக்கு அடியில் விழுவதை ஷிப்டு முடியும்போது கூட்டி மூட்டை கட்டுவார்கள். முதல் இரண்டு வருடம் அவள் செய்த வேலையே அதுதான்.

வீட்டை நடத்தும் பெண் சத்தம் கேட்டு வந்தார். மெத்தை உறுத்துகிறதா என்று கேட்டார்.

"இந்தப் பஞ்சு எங்க வாங்குனிய?"

"அது மறுசுழற்சிப் பஞ்சுங்கம்மா. மில்லுல கழிவுன்னு ஒதுக்கறதுங்க. வீணாப் போகக் கூடாதுன்னு அதைத்தான் வாங்கி அடைக்கறோம்." அவர் குரலில் நியாயமான ஒரு பெருமை இருந்தது. "ராஜபாளையத்துல இருந்து வருதுங்க. நீங்களும் அந்தப் பக்கம்தானுங்களே?"

"ஆமா" என்றாள் என் மனைவி. "நாந்தான் அனுப்பிவிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறி, வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதட்டோரம் நீலம் பாரித்தது. இன்ஹேலரை எடுக்க நான் ஓடினேன்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். மெத்தையைப் பனந்தோப்புக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். அறையை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்தார். தலையணைகளையும் எடுத்துவிட்டுப் புதுக் கோரைப்பாய் கொண்டுவந்து போட்டார். அவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. இரவு உணவுக்கு இவளுக்கு இறங்குமே என்று கஞ்சி வைத்துத் தந்தார். "என்கிட்ட யாரும் இதைச் சொன்னதில்லைங்க சார்" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். சொல்லியிருக்க வேண்டியவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மறுநாள் முழுவதும் அவளைப் படுக்கச் சொல்லவில்லை. நெஞ்சு அமரட்டும் என்று விட்டோம். அவள் தண்ணீர் கால்களைத் தொடும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கரையில் எங்களைத் தவிர ஆள் இல்லை. கடல் குளம் போல அசையாமல் கிடந்தது. மாலைக்குள் இருமல் குறைந்தது. எனக்கு நம்பிக்கை வந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. திருச்செந்தூர் வீட்டில் கட்டிலை எந்தச் சுவர் ஓரம் போடுவது என்றுகூட அவளிடம் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் மதியம், மரநிழலில் மணலை மட்டமாக்கிப் பாயை விரித்தேன். கையை மடக்கித் தலைக்கு வைத்துக்கொண்டு அவள் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து நிமிடம் தாண்டியது. எட்டானது. கண்ணை மூடியிருந்தாள், விலா சீராக ஏறி இறங்கியது. பதினொன்றாவது நிமிடத்தில் கால்விரல்கள் மணலைப் பற்றின. பிறகு முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். சற்று நேரம் கழித்து வலப்பக்கமாகப் படுத்துப் பார்த்தாள். நான்கு நிமிடம். மல்லாந்து படுத்தபோது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"போதும்" என்றாள்.

"முந்தாநாள் தூசி இன்னும் போகலை. இன்னும் ஒரு நாள் பார்ப்போம்" என்றேன்.

"நீங்க அடிச்சதுனாலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியளா?"

"ஆமா."

"அது ஒரு நாள் இருமல். நேத்தே போயிட்டு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மில்லுல அம்புட்டயும் தின்னுட்டு, அதே ராத்திரி காலை நீட்டித் தூங்குனவதான் நான். எனக்குத் தெரியும். இது அது இல்ல. காத்து நல்லாத்தான் இருக்கு. உள்ள வாங்கத்தான் எடமில்ல."

என் தவறாகவே அது இருந்திருக்கலாம் என்று அப்போது உண்மையாகவே விரும்பினேன். தவறென்றால் இன்னொரு முறை, வேறொரு பாயில், வேறொரு கரையில் பார்த்துக்கொள்ளலாம். அவள் சொன்னதில் அதற்கு இடமில்லை.

பாயின் மேலேயே உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போடச் சொன்னாள். போனை ஒலிபெருக்கியில் வைத்து அவள் பக்கம் நீட்டினேன்.

"ஏட்டி, எப்பிடி இருக்கு? படுத்தியா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள் அக்கா.

"அந்த வீட்ட வேற ஆளுக்கு விட்டுரச் சொல்லுக்கா."

"ஏன்? என்னாச்சு?"

"நாங்க வரல."

"அதான் ஏன்னு கேக்கேன். வீட்டுக்காரரு வெள்ளையடிச்சுச் சுத்தம் பண்ணிட்டாரு. ஒம் மாப்பிள்ள எதுவும் சொன்னாகளா?"

"அவிய ஒண்ணும் சொல்லல."

"பொறவு?"

என் மனைவி கடலைப் பார்த்தபடி, நடுநடுவே நின்று, மூன்று மூச்சில் அதைச் சொன்னாள்:

"எனக்கு... கடக்காத்து... ஒத்துக்கலக்கா."

அக்கா நம்பிவிட்டாள். உப்புக்காற்று சிலருக்குச் சேராதுதான் என்று அவளே ஆறுதல் சொன்னாள். அவளுடைய நாத்தனார் ஒருத்திக்கும் அப்படித்தானாம். பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"நெசந்தானா தம்பி?"

என் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "ஒத்துக்கல."

பாயைச் சுருட்டி மணலை உதறினேன். ஒரு நாள் முன்னதாகவே டிக்கெட் கிடைக்குமா என்று அவள் கேட்டாள். பார்க்கிறேன் என்று சொன்னேன்.