பிறேக் வேலை செய்தது

கடற்படைத் தளத்தை வெள்ளைக்காரர் விட்டுப் போன வருடம் அபூதாஹிருக்கு முப்பத்து மூன்று வயது. பன்னிரண்டு வருடங்கள் தளத்தின் வாகனப் பட்டறையில் பிறேக் வேலை மட்டுமே பார்த்தவர். ஒரு லொறி வந்து நிற்கும் சத்தத்தை வைத்தே எந்தச் சில்லில் பிறேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவார். அந்தக் கெட்டித்தனத்தை மெச்சி ஒரு கடிதம் எழுதித் தந்து, மற்றவர்களோடு சேர்த்து அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிண்ணியாவில் நெல் ஆலை வைத்திருந்த லாபிர் முதலாளி கடிதத்தை வாங்கிப் பார்க்காமலே வேலை கொடுத்தார்.

தளத்தில் ஏலம் போட்ட பழைய லொறி ஒன்றையும் லாபிர் எடுத்திருந்தார், மூதூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து நெல் ஏற்றுவதற்கு. மாரி முடிந்த கையோடு அறுவடை வரும். வயல் வழியெல்லாம் சேறாகக் கிடக்கும். லொறி அச்சு வரைக்கும் புதைந்து நிற்க, மாட்டுவண்டிக்காரர்கள் சிரித்துக்கொண்டு பக்கத்தால் போனார்கள். லாபிருக்கு அது பொறுக்கவில்லை. எங்கேயோ இரும்புக் குவியலில் கிடந்த பாரவண்டி ஒன்றின் சில்லுகளை வாங்கிவந்து மாட்டச் சொன்னார். ஒவ்வொன்றும் ஓர் ஆளின் நெஞ்சளவு உயரம். மட்கார்ட்டை வெட்டி, ஸ்பிரிங் வில்லை உயர்த்தி, அபூதாஹிர் அவற்றைப் பூட்டினார். பிறகு லொறி சூடடிக்கும் களத்துக்கே போய் நின்றது. சனம் அதை ஆனை லொறி என்று கூப்பிட்டது.

சேற்றுத் தொல்லை போய்விட்டது. நிறுத்துவதுதான் பாடாகிவிட்டது.

"சில்லப் பெரிசாக்கிட்டம் முதலாளி. உள்ளுக்க இருக்கிறது பழைய சின்னப் பிறேக். அந்தச் சில்லுக்கு அதுட புடி காணாது" என்று அபூதாஹிர் முதல் கிழமையிலேயே சொன்னார்.

"அப்ப மெதுவா ஓடச் சொல்லு" என்றார் லாபிர்.

ஓட்டியவர் கட்டைபறிச்சான் சோமசேகரம். அளவாகக் கதைப்பவர், நிதானமான றைவர். ஆனால் மூதூர் வீதியில் நிதானம் மட்டும் போதாது. ஆறுகளுக்குப் பாலம் கிடையாது. வாகனங்களையும் சனத்தையும் ஏற்றி அக்கரைக்கு இழுத்துப் போகும் இரும்பு மிதவைதான் உண்டு; அதைப் பாதை என்பார்கள். கரைச் சரிவில் இறங்கி, பாதையில் ஏறி, அதன் மறுமுனைச் சங்கிலிக்கு முன்னால் சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஒரு நாள் கங்கைத்துறையில் ஆனை லொறி சொன்ன இடத்தில் நிற்காமல், சங்கிலியில் போய் முட்டித்தான் நின்றது. முன்சில்லில் பாதி தண்ணீருக்கு மேலே தொங்கியது. சோமசேகரம் லொறியை ஆலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அதன் திறப்பை லாபிரின் மேசையில் வைத்தார்.

"இனி என்னால ஏலாது முதலாளி."

லொறியே ஆற்றுக்குள் போயிருக்கும் என்றதும் லாபிருக்கும் பயம் பிடித்தது. "என்ன வேணுமெண்டாலும் செய் தாஹிர்" என்றார்.

அதன்பின் வந்த இரண்டு மாதங்கள்தான் அபூதாஹிரின் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். கனமான வாகனம் ஒன்றின் பிறேக் தொகுதியைத் தேடிப் பிடித்தார். சில்லோடு சேர்ந்து சுழலும் அதன் றம் பழையதைவிட அகலத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை லொறியின் அச்சோடு பொருத்தத் தட்டுகளைத் தானே வெட்டி, துளையிட்டு, மயிரிழை பிசகாமல் அராவினார். றம்மை அழுத்திப் பிடிக்கும் லைனிங் ஒவ்வொன்றையும் அதன் வளைவுக்குத் தேய்த்தார். கடைசியில், இஞ்சின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் கொண்டே மிதிக்கும் காலுக்கு உதவி செய்யும் கருவி ஒன்றையும் பூட்டினார். மனைவி ஸல்ஹா ஆலைக்குக் கொடுத்தனுப்பிய சோறு பல நாள் தொடப்படாமலே வீட்டுக்குத் திரும்பியது.

நெல் மூட்டை நிறைய ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போய், ஓர்ஸ் ஹில் இறக்கத்தில் சோதித்தார்கள். பாதி இறக்கத்தில் சோமசேகரம் மிதித்தார். லொறி ஒருமுறை குனிந்து, அந்த இடத்திலேயே நின்றது. சோமசேகரம் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அபூதாஹிரை அவர் அண்ணன் முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"காக்கா, இனி நான் கண்ணை மூடிக்கொண்டு பாதையில ஏத்துவன்."

மூன்று போகம் அப்படியே ஏற்றினார்.

நாலாவது வருடம், கந்தளாயில் கரும்பு ஏற்றும் கொந்தராத்து லாபிருக்குக் கிடைத்தது. அதற்கென்று நீளமான லொறி ஒன்றை வாங்கினார். சீனி ஆலையில் வாகனத்தைப் பார்வையிட்டவர்கள், இந்தப் பாரத்துக்கு இந்தப் பிறேக் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். லாபிர் நேரே பட்டறைக்கு வந்தார்.

"ஆனை லொறிட பிறேக்கக் கழட்டி இதுல பூட்டு."

"அப்ப அதுக்கு?"

"பழசு கிடக்குதான. அதப் போடு."

"முதலாளி, அந்தப் பெரிய சில்லோட அதப் போடேலாது. போடுறதெண்டா பழைய சின்னச் சில்லயும் போடணும்."

"அது எப்பவோ வித்தாச்சி. ஒரு கிழமைதான், தாஹிர். வேற பிறேக் எடுத்துத் தாறன்." லாபிர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒண்ட வளவு விசயமும் எனக்கு ஞாபகம் இருக்கு. இந்த வேல முடியட்டும், உறுதி எழுதித் தாறன்."

அபூதாஹிர் வீடு கட்டிக் குடியிருந்த வளவு, ஸல்ஹாவின் வாப்பாவுக்கு லாபிரின் வாப்பா வாய்ப்பேச்சில் கொடுத்தது. உறுதிப் பத்திரம் லாபிரின் பெயரில் இருந்தது. எழுதித் தாறன் என்பவர், வளவை விட்டு எழும்பு என்றும் சொல்லலாம்.  மறுநாள் அபூதாஹிர் தன் கையால் பூட்டியதைத் தன் கையாலேயே கழற்றினார்.

சோமசேகரத்திடம் மறைக்கவில்லை. "பாதிப் பாரம் ஏத்து. சரிவுக்கு முன்னுக்கே கியர இறக்கு. ஒரு கிழமைதான் சோமு."

சோமசேகரம் சின்ன றம்மைக் குனிந்து பார்த்தார். "நான் மாட்டன் எண்டா வேற றைவரைப் பிடிப்பினம். அவனுக்கு இந்த லொறியின்ர குணம் தெரியாது. நான் பாத்து ஓடுறன் காக்கா."

ஒரு கிழமை இரண்டு மாதமாயிற்று. அறுவடை உச்சத்துக்கு வந்ததும் பாதிப் பாரம் முழுப் பாரமாயிற்று. அபூதாஹிர் இரண்டு தடவை கேட்டார். நாளைக்கு, நாளைக்கு என்றார் லாபிர். மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், தூறல் விழுந்து கங்கைத்துறைச் சரிவு வழுக்கலாகிக் கிடந்தது. லொறி ஹோன் அடித்தபடியே இறங்கியதைப் பார்த்தவர்கள் பிறகு சொன்னார்கள். பாதையில் நின்ற சனம் இரண்டு பக்கமும் பாய்ந்து விலகியது. லொறி நடுவால் போய், சங்கிலியை அறுத்துக்கொண்டு, மறுமுனையால் ஆற்றுக்குள் விழுந்தது. பாதையில் நின்ற ஒருவருக்கும் காயமில்லை. சோமசேகரம் மட்டும் மேலே வரவில்லை.

பின்னேரம் லொறியைக் கப்பி போட்டு இழுத்தபோது அபூதாஹிர் அங்கே நின்றார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறேக் மிதியின் தண்டு வளைந்திருந்தது. விரல் தடிப்புள்ள இரும்பு. அதை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

மரண விசாரணையில் முதலில் லாபிரைக் கேட்டார்கள். "எனக்கு மெக்கானிக் வேல தெரியாது ஐயா. அதுக்கெண்டே தளத்தில வேல செஞ்ச ஆள வச்சிருக்கன்" என்றார். பிறகு அபூதாஹிரை அழைத்தார்கள். இரண்டாம் வரிசையில் சோமசேகரத்தின் மனைவி பூரணி இருந்தாள்.

"பிறேக்கைப் பூட்டியது நீங்கள்தானா?"

"ஓம்."

"பிறேக் வேலை செய்ததா?"

அவருக்கு எல்லாம் சொல்லத் தெரியும். சில்லின் உயரம், றம்மின் அகலம், கழற்றிய நாள். எல்லாம் நாக்கின் நுனிவரை வந்தது. லாபிர் அவரைப் பார்க்கவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் மறியலில் அடைப்பது தன்னைத்தான் என்று அபூதாஹிர் நினைத்தார். ஸல்ஹாவையும் பிள்ளைகளையும் நினைத்தார்.

"வேல செய்தது" என்றார்.

அது பொய்யில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். வழுக்கல் சரிவில் றைவர் வேகமாக இறங்கியதால் ஏற்பட்ட மரணம் என்று எழுதினார்கள். அதைக் கேட்டபோது, தன் நெஞ்சுக்குள் ஏதோ இளகி மூச்சு இலேசாக வந்ததை அபூதாஹிர் உணர்ந்தார். பிற்காலத்தில் அவருக்கு மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கியது. அந்த ஒரு மூச்சு மட்டும் மங்கவில்லை.

பத்து நாளில் லாபிர் உறுதியை எழுதி அனுப்பிவிட்டார். ஸல்ஹா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் அபூதாஹிர் கட்டைபறிச்சானுக்குப் போனார். பூரணி கதிரை எடுத்துப் போட்டாள். அவர் அதில் இருக்கவில்லை. நின்றபடியே முழுவதையும் சொன்னார். 

"அவர் வேகமா ஓட்டினவர் எண்டு ஊரெல்லாம் கதைக்குது. எல்லாரையும் கொல்லப் பாத்தவராம்" என்றாள் முடிவில். "இதை நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருக்கலாம். இண்டைக்கு எனக்குச் சொல்லி என்ன?"

அவர் அங்கிருந்து நேரே பொலிசுக்குப் போனார். அங்கே இருந்தவர் கேட்டுவிட்டு, அது முடிந்த விசாரணை என்றார். "முதலாளியோட ஏதும் கோபமா?" என்றும் கேட்டார்.

அபூதாஹிர் ஆலை வேலையை விட்டார். வீட்டையும் விட்டுவிட்டுப் போவோம் என்றபோது ஸல்ஹா மறித்தாள்.

"நீங்க செஞ்சதுக்கு நானும் புள்ளயளும் தெருவில நிக்கணுமா? அந்த மனிசன் செத்தது செத்ததுதான். இந்த வளவ விட்டா அவர் எழும்பி வருவாரா?"

அவர் வளவிலேயே இருந்தார். தண்ணீர்ப் பம்பு, தையல் மெசின், சைக்கிள் என்று கையில் கிடைத்ததைத் திருத்தினார். வாகனம் கொண்டுவந்தவர்களை வேறு ஆளிடம் அனுப்பினார். அவர் செய்த பிறேக்கோடு கரும்பு லொறி பல வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. லாபிர் ஹஜ்ஜுக்குப் போய்வந்தார். பூரணி கொஞ்ச நாளில் பிள்ளைகளோடு தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் வீட்டுக் கூரை பறந்தபோது, முதல் கட்டு ஓடுகளை அனுப்பி வைத்ததும் லாபிர்தான். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முற்றத்தில் எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டிக்கொண்டு வந்து ஸலாம் சொன்னார். சொன்ன ஸலாமுக்குப் பதில் சொல்லாமல் விட மார்க்கத்தில் இடமில்லை. அபூதாஹிர் அவருடைய கையைப் பிடித்து, பதில் சொன்னார்.