அந்தமானில் மூன்று கப்பல்கள்: குமட்டல்காரி ஒருத்தி ஏறிப் பார்த்தது

கோவில்பட்டியிலிருந்து குற்றாலம் போகிற பஸ்ஸில்கூட எனக்கு ஜன்னலோர சீட்டும் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் வேண்டும். இந்த வலைத்தளத்தில் நான் இதுவரை எழுதியவை எல்லாம் ரயில் பயணங்களாகவே இருப்பதற்கு அதுதான் காரணம். அப்படிப்பட்ட நான் கப்பல்களை ஒப்பிட்டு எழுதுகிறேன் என்றால் என் தங்கையே நம்பமாட்டாள்.

போன பிப்ரவரியில் என் கணவர் பாலமுருகனுக்குப் பதவி உயர்வோடு போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்தது. மத்திய அரசு வேலை. குறைந்தது மூன்று வருடம் அங்கே இருக்க வேண்டும். சம்மதம் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார்கள். "ஒனக்கு ஒத்துக்காதுன்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்துக்கொண்டார். தனக்கு விருப்பமா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "நீ சொல்லு" என்பார்.

அந்தமானுக்கு விமானத்தில் போய்விடலாம். ஆனால் அங்கே போன பிறகு, ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்கு நம்மூர் டவுன் பஸ் மாதிரி கப்பல்தான். அதைத் தாங்க முடியுமா என்று தெரியாமல் எப்படிச் சம்மதம் சொல்வது? லீவு போட்டுவிட்டு ஆறு நாள் கிளம்பினோம்.

சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். ஊருக்கு இப்போது புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் பேசியவர்கள் எல்லோருக்கும் அது இன்னும் போர்ட் பிளேர்தான். விமான நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டரில் ஜங்லிகாட். ஒர்க் ஷாப்புகளும் மளிகைக் கடைகளும் நெருக்கியடித்த ஒரு சந்தில், ஜோஸ்பின் அக்கா வீட்டு மாடியில் நாளைக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு ஒரு அறை எடுத்தோம். அக்கா பிறந்ததே இங்கேதான். அவருடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து படகு கட்ட வந்தவர். அக்காவின் தமிழில் தூத்துக்குடியும் இந்தியும் பாதிப் பாதி; கப்பலை ஜஹாஸ் என்றுதான் சொல்வார்.

"மெயின்லேண்ட்ல இருந்து வாறவங்க எல்லாரும் மொதல்ல கேக்கது ஜஹாஸ்ல வாந்தி வருமான்னுதான்" என்றார், மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே. "வரும். வந்தா எடுத்துரணும். டீக் ஹே, அதோட முடிஞ்சிது."

முதல் கப்பல் தனியாருடையது. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் அதிவேகக் கப்பல்களில் ஒன்று. ஹேடோ துறையில் காலை எட்டு மணிக்குக் கிளம்பியது. ஆளுக்கு 1,650 ரூபாய், ஒன்றரை மணி நேரம். கடல் வழியில் அறுபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே போனால் விமானம் மாதிரியே இருக்கிறது: வரிசை வரிசையாக எண் போட்ட நாற்காலிகள், நல்ல குளிர், திரையில் சினிமாப் பாட்டு, காபியும் பப்ஸும் விற்கும் சிறிய கவுண்ட்டர், சுத்தமான கழிப்பறை. சீருடை போட்ட பெண்கள் சிரித்த முகத்தோடு இருந்தார்கள். நாங்கள் கடைசி நேரத்தில் பதிவு செய்ததால் எங்கள் இருவருக்கும் எட்டு வரிசை தள்ளித் தள்ளி இடம்.

துறைமுகத்தை விட்டு வெளியே வரும் வரை நான் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கப்பல் வேகம் எடுத்தது. திறக்க முடியாத கண்ணாடிக்கு வெளியே கடல் ஒருமுறை மேலே ஏறி வானத்தை மறைத்தது, ஒருமுறை கீழே இறங்கிக் காணாமல் போனது. ஏசி காற்றில் யாரோ தின்ற பப்ஸ் வாசனை. மேல்தளத்துக்குப் போகலாமா என்று கேட்டேன். ஓடும்போது அனுமதி இல்லை என்று சொல்லி, ஒரு பெண் அன்பாக ஒரு காகிதப் பையைக் கையில் கொடுத்தாள். எனக்கு அது போதவில்லை. இன்னொன்று கேட்டு வாங்கினேன். எட்டு வரிசைக்கு முன்னால் என் கணவரின் தலை திரும்பித் திரும்பிப் பார்த்தது. அந்த ஆட்டத்தில் எழுந்து நிற்க முடிந்திருந்தால் எட்டு வரிசையையும் தாண்டி வந்திருப்பார்.

ஹேவ்லாக்கில் இறங்கி ஒரு பாதாம் மரத்தடியில் உட்கார்ந்தேன். கண்ணெதிரே பச்சையும் நீலமும் பாலும் கலந்த மாதிரி ஒரு கடல். அவ்வளவு அழகை இவ்வளவு வெறுப்போடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"போதும்மா. வேண்டாம்னு எழுதிருவோம்" என்றார் இவர். முகத்தில் எதுவும் தெரியவில்லை. நானும் சரி என்றேன்.

மறுநாள் சாயங்காலம் திரும்பவும் அதே கப்பலில் டிக்கெட். அதை நினைத்தாலே குமட்டியது. ஜோஸ்பின் அக்காவுக்கு போன் போட்டேன்.

"அதுல ஏறாதீங்க. கேன்சல் பண்ணிட்டு சர்க்காரி ஜஹாஸ்ல வாங்க. டிக்கெட்டு கெடைக்கலன்னா காலையிலயே போய் லைன்ல நில்லுங்க. ஏறுனதும் மேல போயிருங்க. பின்னால நடுவுல நிக்கணும். தூரத்துல ஒரு தீவு தெரியும், அதையே பாத்துட்டு வாங்க. கீழ குனியப்பிடாது, செல்போன பாக்கப்பிடாது. அவ்ளோதான்."

இரண்டாவது கப்பல் இப்படித்தான் வாய்த்தது. அரசுக் கப்பல், வெளியூர்க்காரர்களுக்கு ஆளுக்கு 610 ரூபாய். தீவுவாசிகளுக்கு இதைவிட மிகவும் குறைவு. கீழே ஏசி அறையில் குஷன் நாற்காலி உண்டு, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வழியெங்கும் தேங்காய் மூட்டைகள், வாழைத்தார்கள், கயிற்றால் கட்டிய ஒரு ஸ்கூட்டர். பலகாரம் என்றால் சமோசாவும் டீயும் மட்டும். கழிப்பறையைப் பற்றி நல்லதாக எழுத ஒன்றும் இல்லை. ஆனால் மேல்தளம் திறந்த வெளி.

சங்கு ஊதிவிட்டுக் கப்பல் நகர்ந்தபோது நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்துத் தீவைப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் குமட்டல் வரப்போகிறது என்று காத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. காற்று முகத்தைக் கழுவியது. கப்பல் எழும்போது நானும் எழுந்தேன், இறங்கும்போது நானும் இறங்கினேன். தொட்டிலை யாரோ மறந்துபோய் ஆட்டிக்கொண்டே இருப்பது மாதிரி இருந்தது. கப்பலின் பக்கவாட்டிலிருந்து திடீரென்று ஒரு கைப்பிடி வெள்ளி கிளம்பித் தண்ணீரை ஒட்டிப் பறந்து தூரத்தில் விழுந்தது. பறவைகள் என்று நினைத்தேன். பறக்கும் மீன்களாம். தீவுகள் ஒவ்வொன்றாக அருகே வந்து, காட்டு வாசனையைக் கொஞ்சம் கொடுத்துவிட்டு விலகிப் போயின. அவை நகர்கின்றனவா நாங்கள் நகர்கிறோமா என்ற கணக்கே மனதிலிருந்து போய்விட்டது.

பக்கத்தில் ஒரு அம்மா, விடைத்தாள் கட்டை முழங்காலுக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக உருவித் திருத்திக்கொண்டிருந்தார். ஹேவ்லாக் பள்ளிக்கூடத்தில் சாந்தி டீச்சர். பூர்வீகம் பரமக்குடி. பல் டாக்டரைப் பார்க்க போர்ட் பிளேர் போகிறார். மாற்றல் விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதைத்தான் எல்லாரும் சொல்லியிருப்பாங்க. நான் மத்ததைச் சொல்றேன்" என்றார், சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு. "எங்க அப்பா பரமக்குடியில இறந்தப்போ இங்க ஜூலை மாசம். சரியான பாரிஷ், விடாத மழை. கடல் கொந்தளிச்சு மூணு நாளா கப்பல் ஓடல. நான் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பந்தலைப் பிரிச்சிட்டாங்க."

என் அம்மா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். சர்க்கரை உண்டு.

"அதுக்கப்புறமும் இங்கேயே இருக்கீங்களே, டீச்சர்?"

"அதான் எனக்கும் தெரியல. பெரிய லீவுக்கு ஊருக்குப் போறேன். பத்து நாளாச்சுன்னா ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. தரை ஆடாம கெடக்கே, அதனாலயோ என்னமோ." அவரே சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார்.

இரண்டரை மணி நேரம் ஆனது என்று இறங்கும்போதுதான் தெரிந்தது. எலுமிச்சம்பழம் பையிலேயே இருந்தது. வேண்டாம் என்று எழுதுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்றேன்.

மூன்றாவது கப்பல் திக்லிபூருக்கு. வட அந்தமானின் கடைசியில் இருக்கிற ஊர். இவர் வேலையில் சேர்ந்தால் மாதம் ஒருமுறை அங்கே போக வேண்டியிருக்கும். சாலையில் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல், பஸ்ஸில் பன்னிரண்டு மணி நேரம், அவ்வளவும் வளைவு. எனக்கு அது ஆகவே ஆகாது. அரசுக் கப்பலில் சாயங்காலம் ஏறினால் விடிகாலையில் சேர்த்துவிடுகிறது. படுக்கைக்கு ஆளுக்கு 980 ரூபாய் கொடுத்தோம். ஜங்லிகாட்டிலிருந்து ஃபீனிக்ஸ் பே துறைக்கு ஆட்டோ எண்பது ரூபாய்.

ரயிலின் இரண்டாம் வகுப்பு மாதிரி மேலும் கீழுமாகப் படுக்கைகள். கேன்டீனில் சோறு, பருப்பு, முட்டைக் குழம்பு. போர்வை நாம்தான் கொண்டுபோக வேண்டும். நான் சாமான்களை வைத்துவிட்டு நேராக மேல்தளத்துக்குப் போய்விட்டேன். சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்கியது. கடல் முதலில் செம்பானது, பிறகு ஈயமானது, பிறகு எது கடல் எது வானம் என்ற கோடே அழிந்தது. அந்த மங்கலுக்குள் கப்பல் ஒன்றும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எதையும் நினைக்காமல் நான் நின்றதில்லை.

திரும்பிப் பார்த்தால் இவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்கிறார். வெளிக்கடலின் நீண்ட அலை ஆரம்பித்திருந்தது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பஸ் ஸ்டாண்டில் என் தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர். அன்றைக்கு அவர் தலையை நான் பிடித்துக்கொண்டேன். முட்டைக் குழம்பு போனது, மதியச் சாப்பாடு போனது. "ஒனக்கு ஒண்ணுமில்லையா?" என்று நடுவில் கேட்டார். இல்லை என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

விடியும்போது முகம் வெளுத்துப்போய் மறுபடி மேலே வந்தார். சாடில் பீக் மலையின் தலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. கரையில் பாக்கு மரங்கள் ஒவ்வொன்றாக உருவம் பெற்றுக்கொண்டிருந்தன. கப்பல் வேகம் குறைத்துவிட்டது. இரண்டு கண்ணாடி டம்ளரில் டீ வாங்கிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏங்க, ஒங்களுக்கு இது வேணுமா வேண்டாமா? எனக்காகன்னு சொல்லக் கூடாது."

ஒரு வாய் டீ குடித்தார்.

"வேணும்" என்றார். "ராத்திரிபூரா வாந்தி எடுத்தது நாந்தான். ஆனாலும் வேணும். ஆபீஸ்ல பதினாறு வருசமா ஒரே ஜன்னலுக்குப் பக்கத்துல உக்காந்திருக்கேன். வெளிய ஒரு டிரான்ஸ்பார்மர் நிக்கும். அதைப் பாத்தே ரிட்டயர் ஆயிருவேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

"இதை ஏன் வீட்லயே சொல்லல?"

"சொன்னா நீ எனக்காகக் கஷ்டப்பட்டுட்டு வருவ."

"எனக்கும் வேணும்" என்றேன். அப்புறம் சொல்லாமல் இருக்க முடியாமல், "அம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?" என்றேன்.

அப்படியெல்லாம் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. "ஆகலாம்" என்றார். "ஒனக்கு நேரத்துக்குப் போக முடியாமலும் போகலாம். அதையும் சேத்துதான் நாம சரின்னு சொல்லணும்."

துறையில் இறங்கி, சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். டீச்சர் சொன்னது உட்பட எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அங்க கருவேப்பில கெடைக்குமா?" என்று கேட்டாள். கிடைக்கும் என்றேன். "அப்ப போயிட்டு வா" என்றாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். இவர் மூட்டைகள் இறங்குவதைப் பார்ப்பது போல் நின்றார்.

இனி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. நேரம் குறைவு, குழந்தைகள் இருக்கிறார்கள், கழிப்பறை சுத்தமாக வேண்டும் என்றால் தனியார் கப்பல்தான். ஒரு மாதம் முன்பே பதிவு செய்தால் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். பின்வரிசையாகக் கேளுங்கள், ஆட்டம் குறைவு. ஓடும்போது மேல்தளத்துக்கு விடுவார்களா என்று பதிவு செய்யும் முன்பே விசாரியுங்கள், கப்பலுக்குக் கப்பல் மாறும். என்னைப் போன்ற வயிறு என்றால் அரசுக் கப்பல். டிக்கெட் கிடைப்பது கஷ்டம், அடையாள அட்டையோடு நேரில் போய் நிற்கத் தயாராக இருங்கள். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிடுங்கள். திக்லிபூர் கப்பல் எல்லா நாளும் இல்லை, அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் சாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள், ஊர் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் முன்பே போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். எந்தக் கப்பல் சொகுசு என்று கேட்டால் முதலாவது. எதில் மறுபடி ஏறுவேன் என்று கேட்டால் மற்ற இரண்டிலும்.

இதை மின்னி பேயில் வாடகைக்கு எடுத்த வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். பாத்திரம் பண்டமெல்லாம் இன்னும் சென்னைத் துறைமுகத்தில் இருக்கிறது. இரண்டு தட்டு, ஒரு குக்கர், ஒரு பாயோடு குடித்தனம் நடக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கடல்.

போன செவ்வாய்க்கிழமை இவருக்கு முதல் திக்லிபூர் டூர். வழியனுப்பப் போயிருந்தேன். சங்கு ஊதிற்று, கப்பல் மெல்லத் துறையை விட்டு விலகியது. மேல்தளத்தில், பின்னால், சரியாக நடுவில் நின்றிருந்தார். நான் கை அசைத்தேன். அவர் அசைக்கவில்லை. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தூரத்தில் ஏதோ ஒரு தீவைக் கண்கொட்டாமல் பார்த்தபடி, வாயெல்லாம் சிரிப்பாகப் போய்க்கொண்டிருந்தார்.