சாரத்தைக் கொண்டுபோன காற்று

ஐம்பது வயதாகியும் எனக்குப் புத்தி வரவில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸில், மூன்றாம் மாடி பால்கனியில், இடுப்பில் கட்டும் என் ஈரச் சாரத்தைக் கயிற்றில் காயப்போட்டேன். குளிரில்லாத இலையுதிர்காலக் காற்று அதைக் கொண்டுபோய் எதிர்வீட்டு டேனிஷ்காரரின் கொடிக்கம்பத்தில் சுற்றிவிட்டது.

குற்றம் என் மூக்கினுடையது. சவர்க்கார மணத்தோடு அந்தக் காற்று வந்ததும் நான் நினைவில் இலங்கையின் ஹப்புத்தளை மலைக்குப் போய்விட்டேன்: தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கிடைத்த வீடு, தகரக் கூரை பறக்காமலிருக்க மேலே ஏற்றிய கற்கள், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து ஏறி எங்கள் முற்றத்தைக் கடந்து மறுபள்ளத்தாக்கில் இறங்கும் காற்று, அதில் வயிறு புடைத்து ஆடும் எங்கள் சட்டைகள், மூடுபனி வருமுன் அவற்றை அள்ள ஓடும் அம்மா. இன்று அங்கே ஒரு ஹோட்டலின் கார் நிறுத்துமிடம்தான் இருக்கிறது.

“டிரையர் சும்மாதானே நிக்குது? பால்கனியில உடுப்புப் போடக்கூடாதெண்டு பில்டிங்காரர் எத்தனை தரம் சொன்னவங்கள்!” என்றாள் மனைவி.

“சொல்லட்டும். அந்த வீட்டை இடிச்சவங்கள் காத்தையும் இடிச்சவங்களே? நாளைக்கும் போடுவன், நாளையிண்டைக்கும் போடுவன்!”

அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்தாள்.

“அப்ப என்ர சீலையையும் போடுங்கோ.”