பூசணிக்காய்க்கும் காதழுக்கு

அறுபதுகளின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ராக்காயியிடம் காதைக் கொடுக்காதவர்கள் யாருமே இல்லை. காது வலித்தாலும் அவள்தான், தலை கனத்தாலும் அவள்தான், சும்மா பொழுது போகாவிட்டாலும் அவள்தான்! நோட்டன் பிரிட்ஜ் போகிற பாதையில் இருந்த அந்தத் தோட்டத்தில் அவளும் எங்களைப் போலக் கொழுந்து பறிக்கிறவள். ஆனால் பெயர் மட்டும் 'காதுக்காரி'. அப்படிக் கூப்பிட்டால் போதும், அவள் நடையே மாறிவிடும்.

வலப்பனைச் சந்தையில் ஒரு மருந்துக்காரன் செய்துகாட்டியதை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவள் அவள். மஞ்சள் கலந்து உருக்கிய தேன்மெழுகில் பழைய வேட்டித் துணியைத் தோய்த்து, புனல்போலச் சுருட்டிக் காயவைப்பாள். ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கூரான முனையைக் காதில் செருகி, மறுமுனையைக் கொளுத்துவாள். திரி எரிந்து குட்டையானதும் அணைத்துப் பிரித்துக் காட்டுவாள். உள்ளே மஞ்சள் மஞ்சளாகத் தூளும் சுருளும் அப்பிக் கிடக்கும்.

"பாத்தியா, இத்தன அழுக்கயும் வச்சிக்கிட்டுத்தான் இந்நேரம் வரைக்கும் ஊர்க்கத கேட்டியாக்கும்!" என்பாள்.

நாங்களும் வாயைப் பிளந்து பார்ப்போம். எனக்கும் இரண்டு தடவை செய்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், காது லேசாகத்தான் இருந்தது.

அவள் புருஷன் ஆண்டியப்பன் கம்பியில் வேலை. உச்சிமலையில் பறித்த கொழுந்தை மூட்டை கட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டால் அது சரசரவென்று இறங்கித் தொழிற்சாலைக்கு வந்துவிடும். மூட்டையை விடுவதற்கு முன் மேலே இருப்பவர் ஒரு தண்டவாளத் துண்டைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே ஆண்டியப்பன் பிரேக்கைப் பிடிக்கத் தயாராக வேண்டும். பனி மூடிவிட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, காதை நம்பித்தான் வேலை.

அந்தக் காதுதான் அடைத்துப் போனது. மழைக்காலத்தில் சளி பிடித்து லேசாக மந்தமானது. ராக்காயி விடுவாளா? ஊர்க் காதுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவள், வீட்டுக் காதை வாராவாரம் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் திரியைப் பிரித்துக் காட்டி, "இப்பக் கேக்குதா?" என்று கேட்பாள். அவரும் முகமெல்லாம் சிரிப்பாக, "நல்லாக் கேக்குது புள்ள" என்பார். அவளும் பூரித்துச் சிரிப்பாள்.

அப்படி நன்றாகக் கேட்ட மனிதர்தான் ஒரு புதன்கிழமை, தட்டிய சத்தம் கேட்காமல் பீடி பற்றவைத்துக்கொண்டு நின்றார். மூட்டை வந்த வேகத்தில் கொட்டகையின் பலகை தெறித்தது. யாருக்கும் அடி இல்லை, அது எங்கள் மாரியம்மன் புண்ணியம். ஆனால் தோட்டத்து உதவி அதிகாரி சின்னதுரை சும்மா விடவில்லை. சனிக்கிழமை காலையில் தானே வந்து சோதிப்பதாகவும், சத்தம் கேட்கவில்லையென்றால் ஆண்டியப்பன் இனிக் கம்பிப் பக்கமே வரக்கூடாது, மண்ணைக் கிளறி முள்ளுக்குத்தத்தான் போக வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கம்பியடியிலேயே நின்ற மனிதர் அவர். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

ராக்காயிக்கு வீறாப்பு வந்துவிட்டது. வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்து வாசலிலேயே பாயை விரித்து, எல்லாரும் பார்க்க, இரண்டு காதுக்கும் பெரிய பெரிய திரியாக வைத்தாள். பிரித்தபோது கைப்பிடி அழுக்கு! ஜனம் கைதட்டியது. ஆண்டியப்பன் எழுந்து உட்கார்ந்து, "நல்லாக் கேக்குது!" என்றார்.

லயத்தின் கடைசி அறை, அந்தக் கடைசிக் காம்பரா மூக்கனுக்குக் குறும்பு அதிகம். மிச்சமிருந்த ஒரு திரியை எடுத்து, ராக்காயி வீட்டுக் கொல்லைப் பூசணிக்காய் ஒன்றில் ஓட்டை போட்டுச் செருகிக் கொளுத்திவிட்டான். எரிந்ததும் பிரித்தான். அதே மஞ்சள் தூள், அதே சுருள்!

"அடேயப்பா! இந்தப் பூசணிக்காய்க்கு எம்புட்டுக் காதழுக்கு!"

லயமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நானும் சிரித்தேன், அடக்க முடியவில்லை. ராக்காயி அவன் மேல் பாய்ந்தாள். "என்னத்தயோ உள்ள வச்சிட்டே! குடு இங்க!" என்று தானே புதிதாக ஒன்றைச் சுருட்டி, தானே கொளுத்தி, தானே பிரித்தாள். மஞ்சள் தூள்தான். மெழுகு எரிந்த தூள், வேறொன்றும் இல்லை.

அவள் முகம் செத்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். எங்களோடு சேர்ந்து ஆண்டியப்பனும் சிரித்துக்கொண்டிருந்தார். மெல்ல அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஏய், பூசணிக்காத் தலையா, கேக்குதா?" என்றாள்.

வாசல்படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. மூக்கனுக்குக் கேட்டது. அவர் மட்டும் எங்கள் முகங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார். எங்கள் சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கே நாங்கள் மூவரும் போகவில்லை. காதுக்காரி என்ற பேர் போனால் போகட்டும் என்று விடியுமுன்னே டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். துணைக்கு என்னையும் இழுத்தாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "என்னப்பா இது, காதுக்குள்ள மெழுகுவர்த்தி ஏதும் கொளுத்தினனீங்களோ?"

நானாக இருந்தால் ஓடியிருப்பேன். ராக்காயி கையைத் தூக்கினாள். "நாந்தாங்க."

வெதுவெதுப்பான எண்ணெய் விட்டு ஊறவைத்து, பிறகு தண்ணீரைப் பீச்சி அடித்தார்கள். கிண்ணத்தில் வந்து விழுந்தது காதுக்கு ஒரு கட்டி. மஞ்சள் நிறம். ஒன்றில் ஒட்டிக்கொண்டு வேட்டித் துணியின் ஒரு நூல்! சளி அடைத்த காதை அவள் மெழுகு வாராவாரம் சொட்டிச் சொட்டி இறுக்கிப் பூசியிருக்கிறது. ராக்காயி அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் அன்றுதான் பார்த்தேன்.

"அழாதேங்கோ. செவிப்பறை தப்பீட்டுது" என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது அவள் ஆண்டியப்பனிடம் 'இப்பக் கேக்குதா?' என்று கேட்கவே இல்லை. அவர் 'கேட்குது' என்றால் நம்புவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை! தோட்டமே கம்பியடியில் கூடிவிட்டது. நல்ல பனி, பக்கத்து ஆள் தெரியவில்லை. சின்னதுரை ஆண்டியப்பனை மலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னார். எங்கேயோ மேலே, டங்!

ஆண்டியப்பன் துள்ளித் திரும்பிப் பிரேக்கைப் பிடித்தார். மூட்டை வந்து அவர் காலடியில் பூப்போல இறங்கியது. நாங்கள் போட்ட கூச்சலில் சின்னதுரையே காதைப் பொத்திக்கொண்டார்.

கூச்சல் அடங்கியதும் ராக்காயி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். முந்தானை வாய்க்கு ஏறியது. எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது.

"பூசணிக்காத் தலையா, எதுக்குய்யா இத்தன நாளா எங்கிட்டப் பொய் சொன்னே?"

அவர் திரும்பவே இல்லை. பிரேக்கைப் பிடித்த கையை எடுக்காமல் சொன்னார்:

"கேக்குதுன்னா நீ சிரிப்பியே புள்ள."