காற்று திரும்பிய பொங்கல்

இன்று அடுக்குமாடியின் மேல்தளத்தில் யாரோ கோழி வாட்டிய சிரட்டைக்கரி மணம், அந்தக் கட்டடம் எழும்புமுன் அங்கே கிடந்த கொழும்பு வெள்ளவத்தை வெறுங்காணிக்கு என்னைக் கொண்டுபோனது. தைப்பொங்கலுக்கு எங்கள் ஒழுங்கையின் எல்லா வீடுகளுக்கும் அங்கே ஒரே பானைதான். நடுவில் குழி வெட்டி, சுற்றிவரக் கடல்மணல் பரப்பி, வாளிகளில் தண்ணீர் நிரப்பிய பிறகுதான் அம்மா நெருப்பு மூட்ட விடுவார். ஒருமுறை அரிசி வேகும்போதே காற்று திரும்பி, பக்கத்து வீட்டுச் சோமா அன்ரியின் ஓலைக் கொட்டிலை நோக்கிப் பொறிகள் பறந்தன.

"இன்னும் கொஞ்சம்தான், பொறுங்கோ!" என்று எல்லோரும் கத்தக் கத்த, அம்மா வாளித் தண்ணீரை நெருப்பில் ஊற்றிவிட்டார். பசியோடு நின்ற எங்களுக்கு அழுகை வந்தது.

சோமா அன்ரி குசினிக் கதவை அகலத் திறந்து, "அக்கே, பானைய இங்க கொண்டு வாங்க" என்றார், தன் சிங்களம் கலந்த தமிழில்.

அவரின் குசினி அடுப்பில் வெந்து முடிந்த பொங்கல் குழைந்துதான் போயிருந்தது; இரண்டாந்தரம் கேட்காத பிள்ளை ஒன்றுமில்லை.